வலப்பக்கம் வாங்க, சாமி

பெரியப்பாவின் தோள்பை இன்னும் என்னிடம் இருக்கிறது. காவித் துணிப்பை. வார் ஒரு பக்கம் அறுந்திருக்கும். அதன் பின்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பும் வெள்ளையுமாக ஒளிரும் ஸ்டிக்கர். பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு வழியில் நிறுத்தி ஒட்டிவிடுவார்களே, அதுதான். நத்தம் வருவதற்கு முன்னால் ஒட்டியது. இன்று டார்ச் அடித்தாலும் பளிச்சென்று திருப்பி அடிக்கும். ஒரு கீறல் இல்லை.

2017 தைப்பூச நடையில், நத்தம் தாண்டி கோபால்பட்டி போகும் வழியில், விடிகாலை மூன்றே முக்கால் மணிக்குப் பெரியப்பாவைப் பின்னாலிருந்து ஒரு சரக்கு வேன் தட்டியது. அந்த நேரத்திலும் ஸ்டிக்கர் அவர் முதுகில்தான் இருந்தது. ஆனால் அதற்கு மேல் போர்வை இருந்தது. தை மாதப் பனி. நத்தத்தில் சுக்குக் காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது குளிருகிறது என்று கறுப்புப் போர்வையைத் தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டார். பையும் போர்வைக்குள் போய்விட்டது. கூட நடந்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் அவருக்கு இரண்டடி பின்னால் நடந்துகொண்டிருந்தேன்.

வேன்காரப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஓடிவிடவில்லை. இறங்கி வந்து கைகால் நடுங்க நின்றான். "எதிர்ல பஸ் லைட்டுண்ணே, ஒண்ணுமே தெரியலண்ணே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அன்று எனக்கு அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அவன் சொன்னது உண்மை என்று பிறகுதான் புரிந்தது. பெரியப்பாவுக்கு வலது இடுப்பு எலும்பு உடைந்தது. உயிர் பிழைத்தார். அதன் பிறகு பழனிக்கு நடக்கவில்லை. இருபத்து மூன்று வருடம் விடாமல் நடந்தவர்.

எங்கள் ஊர் காரைக்குடிப் பக்கம். குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர். நகரத்தார் காவடி இந்தப் பாதையில் நானூறு ஆண்டுகளாகப் போய் வருவதாகச் சொல்வார்கள். அந்தக் காவடிக்கு முன்னும் பின்னுமாக ஊர் ஊராகக் குழுக்கள் கிளம்பும். செருப்புப் போடுவதில்லை. பகலில் தார் கொதிக்கும் என்பதால் இரவில் நடப்பதுதான் வழக்கம். காளைவண்டியும் நாலைந்து லாரியும் போன காலத்தில் அந்த வழக்கத்தில் ஆபத்து குறைவு. இன்று அதே சாலையில் இரவெல்லாம் வண்டி. அதிலும் ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லாரிகள் ராத்திரியில்தான் ஓடியாக வேண்டும், விடிவதற்குள் அங்கே காய் இறங்க வேண்டும். அவர்கள் பிழைப்பு அது. அதே நேரத்தில் அதே தாரின் ஓரத்தில் நாம் வெறுங்காலோடு நடக்கிறோம்.

விபத்துக்குப் பிறகு பல நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் அந்தச் சாலைதான். ஏன் இடது ஓரத்தில் நடந்தோம்? யாரும் சொல்லித்தரவில்லை, எல்லோரும் அப்படித்தான் நடக்கிறோம். பள்ளிக்கூடத்தில் "இடப்பக்கம் செல்" என்று படித்தது மனதில் தங்கிவிட்டது. அது வண்டிக்குச் சொன்னது. நடைபாதை இல்லாத சாலையில் இடது ஓரத்தில் நடந்தால், நமக்கு மிக அருகில் போகும் வண்டி எல்லாமே நம் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. அவன் நம்மைப் பார்த்தானா என்று தெரிந்துகொள்ள நமக்கு வழியே இல்லை. வலது ஓரத்தில் நடந்தால் அருகில் வரும் வண்டி நம் முகத்துக்கு நேரே வருகிறது. விளக்கு விலகாமல் நேராக வருகிறதா, அப்படியானால் இரண்டடி மண்ணில் இறங்கிவிடலாம். அந்த இரண்டடி இறங்க ஒரு நொடி போதும். பெரியப்பாவுக்கு அந்த ஒரு நொடி கிடைக்கவில்லை.

இதை நானாகக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். தேடிப் படித்தபோது உலகமெங்கும் பழைய சேதி என்று தெரிந்தது. 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையிலேயே, சாலையில் நடக்க நேர்ந்தால் வண்டிகள் ஓடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நடக்க வேண்டும் என்பது இருக்கிறது. நம்மைப் போலவே இடப்பக்கம் வண்டி ஓட்டும் பிரிட்டனில், சாலை விதிப் புத்தகமான 'ஹைவே கோட்' நடப்பவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்வது இது: நடைபாதை இல்லையென்றால் வலப்பக்கம் நடங்கள், எதிரே வருவதைப் பாருங்கள், ஒருவர் பின் ஒருவராகப் போங்கள்.

அதே புத்தகத்தில் இன்னொன்றும் இருக்கிறது. மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊர்வலம்போலப் பெருங்கூட்டமாகச் சேர்ந்து நடப்பவர்கள், நடைபாதை இல்லாத இடத்தில் இடப்பக்கமே போக வேண்டும். முன்னும் பின்னும் காவலாக ஆள் நிற்க வேண்டும். இரவில் முன்னால் போகிறவர் கையில் வெள்ளை விளக்கு, பின்னால் வருகிறவர் கையில் சிவப்பு விளக்கு. கூட்டமே ஒரு வண்டிபோல நகர்கிறது, ஆகவே வண்டிக்குரிய பக்கம். இதைப் படித்ததும் குழம்பிப்போனேன். பிறகு எங்கள் குழு எப்படி நடக்கிறது என்று யோசித்தேன். கிளம்பும்போது நாற்பது பேர், வேல் அலங்கரித்த வண்டி, பஜனை, அரோகரா. அது ஊர்வலம். ஆனால் முதல் பத்து கிலோமீட்டர்தான். அதற்குப் பிறகு கால் வேகத்துக்கு ஏற்ப இரண்டு பேர், மூன்று பேர் என்று சிதறி, கடைசி ஆளுக்கும் முதல் ஆளுக்கும் ஐந்து கிலோமீட்டர் இடைவெளி விழுந்துவிடும். எனவே இப்போது இப்படி வைத்திருக்கிறோம்: வேல் வண்டியோடு கூட்டமாகப் போகும்வரை இடப்பக்கம், எங்களுக்குப் பின்னால் வண்டி, அதன் நான்கு இண்டிகேட்டரும் மினுங்கிக்கொண்டிருக்க வேண்டும். சிதறிய பிறகு எல்லோரும் வலப்பக்கம், ஒற்றை வரிசை.

வலப்பக்கம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு இடத்தில் அது நம்மை ஏமாற்றும். ஒன்று, வலப்பக்கம் திரும்பும் மொட்டை வளைவு. வளைவின் உள்பக்கத்தில் நாம் நடந்தால் எதிரே வருகிறவனுக்கு நாம் கடைசி நொடி வரை தெரிய மாட்டோம். வளைவுக்கு வெகு முன்பே இடப்பக்கம் மாறி, வளைவு தாண்டியதும் திரும்ப வர வேண்டும். இன்னொன்று ஓவர்டேக். நமக்குப் பின்னால், சாலையின் அந்தப் பக்கத்தில் வரும் வண்டி முன்னால் போகும் லாரியை முந்துவதற்காக நம் பக்கம் ஏறி வரும். அதன் விளக்கு நம் கண்ணில் படாது, நம் நிழல் திடீரென்று முன்னால் நீளும், அவ்வளவுதான் எச்சரிக்கை. காதுதான் காப்பாற்ற வேண்டும். அதனால் எங்கள் குழுவில் இயர்போன் கிடையாது. முருகன் பாட்டு கேட்டுக்கொண்டே நடக்கிறேன் என்று இளவட்டங்கள் கெஞ்சுவார்கள். வாய்விட்டுப் பாடிக்கொண்டு வா, எல்லோரும் கேட்கட்டும் என்று சொல்லிவிடுவோம்.

அந்தப் பையன் சொன்ன "எதிர்ல பஸ் லைட்டு" விஷயத்துக்கு வருகிறேன். 2018இல் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, எங்கள் ஊர்க் கண்மாய்க் கரைச் சாலையில் நானும் சித்தப்பாவும் ஒரு சோதனை செய்தோம். அமாவாசைக்கு முந்தைய இரவு. நான் பைக்கில் டிம் லைட் போட்டு உட்கார்ந்துகொண்டேன். சித்தப்பா பச்சை வேட்டி கட்டி, பெரியப்பாவின் அதே கறுப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூரத்திலிருந்து நடந்து வந்தார். ஆள் வருவது தெரிந்ததும் நான் "நில்லு" என்று கத்தினேன். அவர் நின்ற இடத்திலிருந்து என் பைக் வரை காலடி எண்ணிக்கொண்டு வந்தார். முப்பத்தாறு காலடி. அதாவது இருபத்தைந்து மீட்டர். போர்வையை எடுத்துவிட்டு வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டோடு வந்தார். எழுபது காலடி. பிறகு இரண்டு கணுக்காலிலும் ஒளிரும் டேப்பைச் சுற்றிக்கொண்டு போனார். இருநூறு காலடி எண்ணிய பிறகும் எனக்கு இரண்டு வெள்ளிப் பொட்டு மாறி மாறி மேலும் கீழும் போவது தெரிந்துகொண்டே இருந்தது. அதற்கு மேல் சாலை திரும்பிவிட்டது.

அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி ஒரு நொடிக்குப் பதினேழு மீட்டர் போகிறது. கறுப்புப் போர்வை தெரிந்த இருபத்தைந்து மீட்டர் என்பது ஒன்றரை நொடி. கண்ணில் பட்டு, என்னவென்று புரிந்து, கால் பிரேக்குக்குப் போவதற்கே அந்த ஒன்றரை நொடி முடிந்துவிடும். வண்டி நிற்பது அதற்குப் பிறகு. அதுவும் நான் சித்தப்பா வருவார் என்று கண்ணை விரித்துக் காத்திருந்தேன். ஓட்டி வருகிறவன் யாரையும் எதிர்பார்த்து வருவதில்லை. எதிரில் பஸ் விளக்கு கண்ணில் அடித்தால் அந்த இருபத்தைந்தும் கிடையாது. இரண்டு வண்டிகள் எதிரெதிரே கடக்கும் அந்தச் சில நொடி, இரு விளக்குகளுக்கும் இடையே நிற்கும் மனிதன் அழிந்துபோகிறான். அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. இதனால் இப்போது எங்களிடம் ஒரு பழக்கம்: இரண்டு பக்கமும் வண்டி வந்தால், இரண்டும் கடந்து போகும்வரை தாரில் நிற்பதில்லை. மண்ணில் இறங்கி நின்று, ஒரு அரோகரா சொல்லிவிட்டு ஏறுவோம்.

கணுக்காலில் கட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. முதுகில் ஒட்டிய ஸ்டிக்கர் தூரத்திலிருந்து ஒரு பட்டையாகத்தான் தெரியும். அது மைல்கல்லா, நிறுத்திவைத்த டிராக்டரா என்று தெரியாது. கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு என்று அசையும் இடத்தில் இருந்தால், அந்த அசைவை வைத்தே இது மனிதன் என்று மூளை பிடித்துக்கொள்கிறது. இதை ஆராய்ச்சிகளும் உறுதிப்படுத்தியிருக்கின்றன. வண்டி விளக்கும் டிம்மில் தரையோடு ஒட்டித்தான் அடிக்கும், முதலில் வெளிச்சம் படுவது காலில். தவிர, காலுக்கு யாரும் போர்வை போர்த்துவதில்லை. பின்லாந்தில் குளிர்காலத்தில் பகலே சில மணி நேரம்தான், அங்கே இருட்டில் நடப்பவர்கள் ஒளிரும் வில்லை அணிய வேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் கோட்டில் தொங்கவிட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகின்றன. நமக்கு இந்த டேப் ஒரு ஆளுக்கு ஒரு டீ விலைதான் ஆகிறது.

வலப்பக்கம் நடக்க ஆரம்பித்த முதல் வருடம் ஒரு தவறு செய்தோம். வழக்கம்போல முதுகுப்பையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு எதிர்முகமாக நடந்தோம். எதிரே வருகிறவனுக்கு நம் முதுகு எப்படித் தெரியும்? திண்டுக்கல் போன பிறகுதான் உறைத்தது. இப்போது முன்னால் மார்புப் பட்டையிலும் பின்னால் பையிலும் ஒட்டுகிறோம். வழியில் ஒட்டிவிடும் நல்ல மனிதர்களிடம் என் வேண்டுகோளும் இதுதான். முதுகோடு நிறுத்தாதீர்கள். "சாமி, திரும்புங்க, முன்னாடியும் ஒண்ணு" என்று சொல்லுங்கள். கையில் தடி இருந்தால் தடியின் அடியில் ஒன்று.

நேரத்தையும் மாற்றினோம். இதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டை. ராத்திரி முழுக்க நடந்து பகலில் படுப்பது தலைமுறை வழக்கம். ஆனால் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை மனித உடம்பு தூங்கச் சொல்லிக் கெஞ்சும் நேரம். ஓட்டுகிறவன் கண் திறந்தபடியே தூங்குவான், நடக்கிற நாமும் அப்படித்தான், கால் மட்டும் போய்க்கொண்டிருக்கும். ஆகவே சாயங்காலம் நான்கு மணிக்குத் தார் சூடு தணிந்ததும் கிளம்பிப் பதினோரு மணி வரை நடக்கிறோம். பிறகு மண்டபத்திலோ பள்ளிக்கூட வராண்டாவிலோ படுக்கை. ஐந்து மணிக்கு எழுந்து ஒன்பதரை வரை. தை மாதத்தில் ஆறே முக்காலுக்குள் வெயில் முகம் காட்டிவிடும், ஆனால் தார் சுடுவதற்கு ஒன்பது தாண்டும். முன்பைவிட ஒரு நாள் கூடுதலாக ஆகிறது. அதற்கு லீவு கிடைக்காமல் இரண்டு பேர் குழுவை விட்டுப் போனார்கள். வருத்தம்தான்.

படுப்பதைப் பற்றி இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. சாலையோரம் துண்டை விரித்து அப்படியே சாய்ந்துவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒட்டன்சத்திரம் தாண்டி, நிறுத்திவைத்த லாரிக்குப் பின்னால் காற்று மறைவாக இருக்கிறது என்று ஒரு அம்மா பேரனோடு படுத்திருந்ததைப் பார்த்தேன். எழுப்பினால் "கொஞ்ச நேரம் சாமி, கால் கடுக்குது" என்றார். லாரிக்காரர் கீழே குனிந்து பார்த்துவிட்டா வண்டி எடுப்பார்? பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த அன்னதானப் பந்தல் வரை கூட்டிப்போய் விட்டோம். அந்தப் பையன் கால் பாதம் முழுவதும் கொப்புளம்.

அன்னதானம் போடுகிறவர்கள் புண்ணியவான்கள். அவர்கள் இல்லாமல் இந்த நடையே இல்லை. ஆனால் பந்தலைத் தாரை ஒட்டிப் போடாதீர்கள். மோர் வாங்கும் கூட்டம் சாலையில்தான் நிற்கிறது. ஒரு பக்கம் மட்டும் பந்தல் என்றால் அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடும் சத்தத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து பாட்டிமார்கள் குறுக்கே ஓடுகிறார்கள். பத்தடி உள்ளே தள்ளிப் போடுங்கள், சாலைக்கு அந்தப் பக்கம் நடப்பவர்களுக்கு ஒரு ஆள் தட்டெடுத்துப் போய்க் கொடுக்கட்டும். போகஸ் லைட்டைச் சாலையைப் பார்த்துத் திருப்பாதீர்கள். அந்த வெளிச்சத்தைக் கடந்து இருட்டுக்குள் போகும் ஓட்டுநருக்குச் சில நொடி கண்ணே தெரியாது. அந்த இருட்டில்தான் உங்கள் மோரைக் குடித்தவர் நடந்துகொண்டிருப்பார்.

திண்டுக்கல்லிலிருந்து பழனி வரை பாதயாத்திரைக்காரர்களுக்கென்றே சாலையோரம் கல் பதித்த நடைபாதை போட்டிருக்கிறார்கள். இருக்கும் இடத்திலெல்லாம் அதில்தான் நடக்க வேண்டும். வெறுங்காலுக்குக் கல் உறுத்துகிறது என்று தாருக்கு ஏறுகிறார்கள், எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. நடைபாதையில் கடை விரித்து நடப்பவனைச் சாலைக்குத் தள்ளுவது இன்னும் கொடுமை. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் நடந்து போனவர்கள் 32,825 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் கணக்கு. ஒரு நாளைக்குத் தொண்ணூறு பேர். இதற்கெல்லாம் நடப்பவன் தலையில் பழி போட நான் ஆளில்லை. மணிக்கு ஐம்பது கிலோமீட்டரில் வரும் கார் மோதுவதைவிட அறுபத்தைந்தில் மோதினால் நடப்பவர் சாகும் வாய்ப்பு நாலரை மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தைப்பூசத்துக்கு முந்தைய பத்து நாளாவது அந்தச் சாலையில் இரவு வேகத்தைக் குறைக்க வேண்டும், கண்டிப்பாகக் குறைக்க வேண்டும். அது நடக்கும்வரை என் ஆட்களை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு எனக்கு இருக்கிறது.

அடிபட்டால் என்ன செய்வது என்பதையும் கிளம்பும் முன் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்கிறோம். அன்று நாங்கள் பதற்றத்தில் பெரியப்பாவைத் தூக்கி உட்காரவைத்தோம். செய்திருக்கக் கூடாது. வண்டி ஓடும் இடத்தில் கிடந்தால் ஒழிய ஆளை அசைக்காமல், பின்னால் வரும் வண்டிகளை விளக்கு காட்டி நிறுத்தி, 108ஐக் கூப்பிட வேண்டும். எந்த இடம் என்று சொல்ல வேண்டுமே, அதனால் கடைசியாகத் தாண்டிய கிலோமீட்டர் கல்லை ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் இலவசம். கையில் காசில்லையே என்று தயங்கி நிற்பவர்களை இன்றும் பார்க்கிறேன்.

"முருகன் கூப்பிட்டுத்தானே போறோம், அவன் பாத்துக்க மாட்டானா?" என்று எங்கள் அத்தை கேட்பார். நானும் அவனை நம்பித்தான் நடக்கிறேன். ஆனால் நாற்பத்தெட்டு நாள் விரதம் இருக்கும்போது சாப்பாட்டில், படுக்கையில், பேச்சில் எவ்வளவு கவனமாக இருக்கிறோம். அதே கவனத்தை அந்த ஏழு நாளும் சாலையில் வைக்கச் சொன்னேன். அத்தை பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் வழியில் தெரியாத ஒரு குழுவைப் பார்த்து அவரே கையைத் தட்டி, "வலப்பக்கம் வாங்க, சாமி! வண்டி மூஞ்சியப் பாத்து நடங்க!" என்று கூப்பிட்டார். அவர்கள் பேசிக்கொண்டே இடப்பக்கமாகப் போய்விட்டார்கள். இரண்டு பெண்கள் மட்டும் குழந்தையோடு இந்தப் பக்கம் வந்தார்கள்.

இந்த வருடமும் கிளம்புகிற அன்று பெரியப்பா திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் டேப் சுருள், கையில் கத்தரிக்கோல். ஒவ்வொருவராக அவர் எதிரில் இருந்த முக்காலியில் காலைத் தூக்கி வைக்க வேண்டும். கணுக்காலைத் துண்டால் துடைத்து, சுற்றி ஒட்டி, விரலால் அழுத்தி, டார்ச் அடித்துப் பார்த்து அனுப்பினார். நாற்பத்திரண்டு பேர், எண்பத்து நான்கு கால். என் முறை வந்தபோது இரண்டு காலிலும் ஒட்டிவிட்டு, எழுந்து நடந்து காட்டச் சொன்னார். நான்கடி நடந்தேன்.

"வேட்டி மறைக்குது. ஒரு சாண் தூக்கிக் கட்டு" என்றார்.